ஊசி நடுவில் நிற்கும் இடம்

நவம்பர் 4, திங்கள்

மிக்ஸியில் கிராஃபைட் பொடியை அரைத்ததற்காக இன்று அம்மாவிடம் நன்றாகத் திட்டு வாங்கினேன். பெரிய ஜாரில் அல்ல, சட்னி ஜாரில்தான் அரைத்தேன் என்று சொன்னதும் திட்டு இரண்டு மடங்கு ஆனது.

"ஏட்டி ரெக்ஸ்லின், நாளைக்கு அதுல தேங்காச் சட்னி அரைச்சா கன்னங்கரேல்னு வரும். உங்கப்பாவுக்கு நீயே ஊட்டி விடு."

"அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாங்கம்மா. எதைப் போட்டாலும் சாப்பிடுவாங்க."

அம்மா ஜாரை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள்.

நான் செய்தது விளையாட்டு அல்ல. கிராஃபைட் என்பது பென்சிலுக்குள் இருக்கும் அதே கரி. நனைந்து ஒட்டிக்கொண்ட புத்தகம் மாதிரி, அடுக்கடுக்காக மிக மெல்லிய தாள்களால் ஆனது. பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரில் போட்டு வேகமாகச் சுழற்றினால் தாள்கள் வழுக்கிப் பிரியும். பிரிந்ததில் சில, அணுக்களை எண்ணிவிடலாம் என்கிற அளவுக்கு மெல்லியவை. அத்தனை மெல்லிய பொருளுக்கு உள்பக்கம் என்று ஒன்று கிடையாது, எல்லாமே மேற்பரப்புதான். அதனால் காற்றில் என்ன வந்து அதன்மேல் உட்கார்ந்தாலும் அது உணரும், அதன் மின்தடை மாறும். நூலகப் புத்தகத்தில் இதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மறைத்துவைக்க இடமே இல்லாத ஒரு பொருள்!

இயற்பியல் உமையாள் டீச்சர், "சயின்ஸ் கண்காட்சிக்கு எதைக் கண்டுபிடிக்கற கருவி செய்யப் போற?" என்று கேட்டார்கள். அம்மோனியா என்றேன். நாங்கள் குடியிருப்பதே ஐஸ் கம்பெனிக்குள்தான். அப்பா அங்கே ஆப்பரேட்டர். தண்ணீரை ஐஸாக்குவது குழாய்களுக்குள் ஓடும் அம்மோனியாதான். துறைமுகத்தில் எல்லாரும் அதைக் 'கேஸ்' என்பார்கள்.

கிராஃபைட் பொடியும் அப்பாவின் மெஷின் ரூமில் கிடைத்ததுதான். வால்வுகளுக்குப் போடுவது. கேட்டுத்தான் எடுத்தேன்.

நவம்பர் 6, புதன்

கசடு அடியில் தங்கிவிட்டது. மேலே நிற்கும் சாம்பல் நிறத் தண்ணீரில்தான் என் தாள்கள் மிதக்கின்றன. பார்த்தால் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருக்கிறது. அம்மா ஊற்றிவிடப் பார்த்தாள். பாய்ந்து பிடுங்கினேன்.

நவம்பர் 9, சனி

வேலை செய்கிறது!

வடிதாளின் மேல் அந்தத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காயவைத்தேன். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் வீட்ஸ்டோன் சமனச்சுற்று என்று ஒன்று இருக்கிறது. நான்கு மின்தடைகளைச் சதுரமாக இணைத்து நடுவில், மின்னோட்டத்தை ஊசியால் காட்டும் கால்வனாமீட்டரை வைப்பது. நான்கில் ஒன்று என் தாள். இன்னொன்றில் ஒரு திருகு. அதைத் திருகித் திருகி ஊசியை நடுவில், பூஜ்யத்தில் நிறுத்த வேண்டும். தாளின் மேல் அம்மோனியா பட்டால் ஊசி வலப்பக்கம் சாயும்.

அடுப்படி மேசையில் வைத்துப் பூஜ்யத்தில் நிறுத்தினேன். டீச்சர் தந்த அம்மோனியாப் பாட்டிலைத் திறந்து மூடினேன். ஊசி வலப்பக்கம் ஓடியது, ஜன்னலோரம் வைத்ததும் மெதுவாக நடுவுக்குத் திரும்பியது. தோட்ட விளக்கிலிருந்து கழற்றிய குட்டி சோலார் பலகையால்தான் இதை ஓட்ட நினைத்தேன். ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, இந்த மழை மாதத்தில், வெயிலுக்கு எங்கே போவது? இப்போதைக்குப் பேட்டரி. இதே மாதிரி மெல்லிய அடுக்குகளால் வெயிலைக் குடிக்கும் பலகையும் செய்கிறார்களாம், காகிதம் மாதிரிச் சுருட்டிக்கொள்ளலாமாம். ஒரு நாள் அதையும் செய்வேன்.

அப்பா வெகுநேரம் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு மூக்கு எங்க பாப்பா இருக்கு?"

"இந்தத் தாள்தாம்ப்பா."

"சளி கிளி பிடிக்காதா?"

"காகிதத்துக்குச் சளி பிடிக்குமாப்பா!"

நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. தாளை விரலால் தொடப்போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார்.

வழக்கம்போல அம்மா மாலையிலும் டீ கொண்டுபோனாள். காலை மாலை இரண்டு வேளையும் டம்ளரோடு மெஷின் ரூமுக்குப் போய், குழாய் வரிசை முழுக்க ஒரு சுற்று நடந்து, அப்பாவிடம் ஏதோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவாள். டீ பெரும்பாலும் ஆறிப்போய்த் திரும்பி வரும். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவர்களுக்குள் இப்படி ஒரு பிரியம் இருப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷம்.

நவம்பர் 13, புதன்

மழை விடவில்லை. படகுகள் கடலுக்குப் போகவில்லை. ஐஸ் வாங்க ஆள் இல்லாததால் கேட்டைப் பகலிலேயே பூட்டிவிடுகிறார்கள். சாவி மேனேஜர் மகாராஜன் சாரிடம். இரும்பு திருட்டுப் போகிறது என்று அவருக்குப் பயம். நாங்கள் வெளியே போக வேண்டுமென்றால் அவருக்குப் போன் செய்ய வேண்டும். எங்கள் வீட்டு ஜன்னல்கள் இரண்டும் மெஷின் ரூம் சுவரைப் பார்த்தவை. சாரல் அடிப்பதால் அவற்றையும் சாத்தியாயிற்று.

இன்று அப்பா அவரிடம் கந்தகக் குச்சி கேட்டார். அதைக் கொளுத்திக் குழாய்ப் பக்கம் காட்டினால், கசிவு இருக்கும் இடத்தில் வெள்ளைப் புகை கிளம்பும்.

"தொம்மை, உம்ம மூக்கு எதுக்கு வே இருக்கு? அதை வாடகைக்கா விட்டிருக்கீரு?" என்றார் மேனேஜர். லோடு ஏற்றுகிறவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

அப்பாவும் சிரித்தார். "சரி சார்" என்றார்.

நான் அப்பாவாக இருந்தால் கந்தகக் குச்சியின் பயன்களை விளக்கிச் சொல்லியிருப்பேன்.

நவம்பர் 16, சனி

அம்மாவுக்குச் சளி. சாதாரணச் சளிதான், ஆனால் உலகமே முடிந்தது மாதிரி நடந்துகொள்கிறாள். காலையிலிருந்து ஆவி பிடிப்பதும் மூக்கைச் சிந்துவதும் தைலத்தை மோந்து பார்ப்பதும். "அடைச்சே கெடக்கே, அடைச்சே கெடக்கே" என்று ஒரே புலம்பல்.

மத்தியானம் அப்பா முந்தாநாள் நண்டுக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அறைக்குள் வந்ததும் குமட்டியது. கெட்டுப்போன குழம்பு. "அப்பா!" என்று கத்தினேன். அம்மா ஓடிவந்து தட்டைப் பிடுங்கினாள். அப்பா வெறும் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பசியில் கவனிக்கவில்லை போலும்.

சாயங்காலம் அம்மா என் கையில் டம்ளரைக் கொடுத்தாள்.

"நீ கொண்டுபோ. குழாய்ப் பக்கம் ஒரு சுத்துச் சுத்திட்டு வா. நல்லா மூச்சை இழுத்துப் பாரு. வாடை எதுவும் அடிச்சா அப்பாட்ட மட்டும் சொல்லு. வேற யாரும் இருந்தா வாயைத் தெறக்காத."

"அப்பாவே பாக்க மாட்டாங்களா?"

"சொன்னதைச் செய்யிட்டி."

சுற்றினேன். எங்கள் வீட்டு வாடைதான் அடித்தது. வேறு ஒன்றும் இல்லை. அப்பாவிடம் "ஒண்ணுமில்லப்பா" என்றேன். அவர் தோள் தளர்ந்தது.

நவம்பர் 18, திங்கள்

புயல் எச்சரிக்கை, பள்ளி விடுமுறை. அடுப்படியில் ஊசி தானாகவே வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது. போன வாரமும் இப்படித்தான் ஆயிற்று. திருகைத் திருகி மறுபடி நடுவில் நிறுத்தினேன். ஈரம் காரணமாக இருக்கும். நல்ல கருவி என்றால் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். எனக்குக் கவலையாக இருக்கிறது.

அம்மா வெங்காயமே உரிக்காமல் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். எனக்கும் கண் எரிகிறது. நிறையப் படிக்கிறேன் அல்லவா.

நவம்பர் 22, வெள்ளி

கண்காட்சி. எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும், இல்லையென்றால் என்னால் யோசிக்க முடியாது.

பள்ளிக்கூட ஹாலில் என் மேசை நான்காவது. பெட்டியைத் திறந்து இணைப்புக் கொடுத்தேன். ஊசி இடப்பக்கம் ஓடி ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. தட்டினேன், பேட்டரியை மாற்றினேன், ஒயர் ஒயராகச் சரிபார்த்தேன். நகரவில்லை.

கல்லூரியிலிருந்து வந்த நடுவர் குனிந்து பார்த்தார். "பூஜ்யத்துக்குக் கீழ அம்மோனியா இருக்கா இங்க? ஒயரை மாத்திக் கொடுத்திருக்கம்மா."

"இல்லை சார். சரியாத்தான் இருக்கு."

"அப்ப ஈரப்பதம்."

ஈரம் இங்கேயும் அதேதான், வீட்டிலும் அதேதான். இரண்டு இடத்திலும் அதே மழை.  பாட்டிலைத் திறந்து காட்டினேன். ஊசி ஓரத்தை விட்டுக் கிளம்பி, மெதுவாக ஏறி, சரியாக நடுவில் வந்து நின்றது. பாட்டிலை மூடினேன். இடப்பக்கம் போய்விட்டது.

என் பெஞ்சுத் தோழி சுமையா பக்கத்தில் நின்று, "உன் மிஷினுக்கு வீட்டு ஞாபகம் வந்திட்டு போலட்டி" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். "உன் பக்கத்துல உக்காந்தா எனக்கு அடைச்ச மூக்கே தெறந்துரும். உன் தாவணியைக் கொண்டாந்து வைக்க வேண்டியதுதானே, பாட்டில் எதுக்கு?"

அவள் இரண்டு வருஷமாக இதைச் சொல்கிறாள். கேலி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பரிசு இல்லை. திரும்பும்போது பஸ்ஸில் பெட்டியை மடியில் திறந்தே வைத்துக்கொண்டேன். வழியிலிருக்கும் உப்பளம் முழுக்க ஊசி இடது ஓரத்திலேயே கிடந்தது. துறைமுக ஸ்டாப்பில் இறங்கியபோதும் அப்படியே. மேனேஜர் கேட்டைத் திறந்துவிட்டார். உள்ளே நடந்தேன். ஊசி அசைந்தது. மெஷின் ரூம் சுவரோரம் வந்தபோது பாதி தூரம் ஏறியிருந்தது. வீட்டுக் கதவைத் திறந்து, அடுப்படி மேசையில் வைத்துக் காத்திருந்தேன்.

நடுவில் வந்து நின்றது. நின்றுவிட்டு இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் போனது.

கருவி பழுதாகவில்லை. எங்கள் வீட்டுக் காற்றைத்தான் நான் சுத்தமான காற்று என்று வைத்துப் பூஜ்யம் குறித்திருக்கிறேன். ஊசி நகர்ந்து நகர்ந்து சொன்னபோதெல்லாம் திருகைத் திருகி அதன் வாயை அடைத்திருக்கிறேன்.

பின்னால் கேட்டைப் பூட்டும் சத்தம் கேட்டது.

நவம்பர் 23, சனி

அம்மாவிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை.

"வாடை இல்லையேட்டி. சளி வாரதுக்கு முன்னாலயும் ரெண்டு நேரமும் சுத்தி வந்தேன்லா."

"நீங்க இதுக்குள்ளயே இருக்கிய. உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும்ல? அவங்கதானே ஆப்பரேட்டர்?"

அம்மா அரிவாள்மனையை மடக்கி வைத்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"உங்கப்பாவுக்கு மூக்கு கேக்காது. அஞ்சாறு வருசமாச்சு. மல்லிப்பூவும் ஒண்ணுதான், செத்த எலியும் ஒண்ணுதான். இந்த கேஸை மோந்து மோந்தே போச்சு. கம்பெனிக்குத் தெரிஞ்சா அடுத்த நிமிசம் வேலை போகும். வேலை போனா வீடும் போகும். வேற கம்பெனிக்குப் போனாலும் முதல் நாளே மூக்கைத்தான் சோதிப்பான். அதான் நான் போயி மோந்துட்டு வாரேன்."

டீ ஏன் ஆறிப்போய்த் திரும்பியது என்று நான் இதுவரை ஒருநாளும் கேட்டதில்லை. நிறையப் புத்தகம் படிக்கிறவள் நான்.

"யார்ட்டயும் மூச்சு விடக் கூடாது," என்றாள் அம்மா. அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு அவளே இருமினாள்.

நவம்பர் 24, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குப் போக முடியவில்லை. காற்றும் மழையும். கேட் பூட்டிக் கிடந்தது. மேனேஜர் வெளியூர் போயிருக்கிறார், போன் எடுக்கவில்லை. லோடுமேன்கள் யாரும் வரவில்லை. காம்பவுண்டுக்குள் நாங்கள் மூன்று பேர் மட்டும்.

காலையில் ஊசி வலது ஓரத்தைத் தொட்டுவிட்டது. அம்மாவின் கண்கள் சிவந்து நீர் வடிந்தது. எனக்குத் தொண்டையில் கரித்தது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெஷின் ரூமுக்குப் போனேன். அம்மா தடுக்கவில்லை.

"அப்பா, கேஸ் கசியுது. எங்கன்னு தெரியல. எனக்கு எல்லாம் தெரியும். நீங்க ஸ்பேனரை மட்டும் எடுங்க."

அப்பா என் பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்தார். அம்மா ஈரத் துணிகளை நீட்டினாள். மூன்று பேரும் மூக்கில் கட்டிக்கொண்டோம்.

திருகை ஒரேயடியாகத் திருப்பி ஊசியை இடப்பக்கம் தள்ளிவிட்டுக் கிளம்பினேன். அப்போதுதான் அது ஏற இடம் இருக்கும். கம்ப்ரஸர் பக்கம் அசையவில்லை. ஐஸ் உறையவைக்கும் உப்புத்தண்ணீர் டேங்க் ஓரத்திலும் இல்லை. ஒவ்வொரு இடத்திலும் காத்திருக்க வேண்டியிருந்தது, காகிதத்துக்கு அவசரம் தெரியாது. பின்சுவரோரம், எங்கள் அடுப்படி ஜன்னலுக்கு நேர் எதிரே, பெரிய சிலிண்டர் ஒன்று படுத்திருக்கிறது. அதன் அடியில் எண்ணெய் வடிக்கிற வால்வு. அதன்மேல் பழைய சாக்கு சுற்றியிருந்தது. அங்கே ஊசி துள்ளியது.

"இங்கப்பா!"

"தள்ளிப் போ. ரெண்டு பேரும் காத்து வார பக்கமா போங்க."

அப்பா சாக்கைப் பிய்த்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையால் தடவியே நட்டைக் கண்டுபிடித்து முடுக்கினார். முதுகு விம்மி விம்மித் தாழ்ந்தது. அம்மா வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். அப்பா எழுந்து வந்து சுவரில் சாய்ந்தபோது கண்களைத் திறக்கவே முடியவில்லை. குழாயடியில் தலையைப் பிடித்து வெகுநேரம் கழுவினோம்.

ஊசி இறங்க மத்தியானம் ஆயிற்று.

"எத்தனை நாளா பாப்பா?" என்று கேட்டார் அப்பா.

"தெரியலப்பா. நான்தான் திருகிட்டே இருந்தேன்."

"நீ எங்க திருகின? நாங்கல்லா திருகிக்கிட்டு இருந்தோம்," என்றார்.  என் முகம் நனைந்திருந்தது. மழைச்சாரல்தான்.

நவம்பர் 25, திங்கள்

மேனேஜர் வந்து பார்த்தார். அப்பாவின் முதுகில் தட்டினார். "எவ்வளவு மழையில, எங்கயோ மூலையில இருந்ததைக் கண்டுபிடிச்சிருக்கீரு! மூக்குன்னா உம்ம மூக்குய்யா!"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா என் கையைக் கிள்ளினாள். 

நவம்பர் 28, வியாழன்

இனி மாலை வேளைகளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் போக வேண்டுமாம். யாராவது கேட்டால் பள்ளிப் பாடம் என்று சொல்ல வேண்டுமாம். அம்மா காலையில், நான் மாலையில்.

கல்லூரிக்கு நான் வெளியூர் போனால் யார் போவது? கேட்கவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

நான் குழாய் வரிசையில் பெட்டியோடு நின்றபோது மேனேஜர் வந்தார். என்னைக் கவனிக்கவில்லை.

"தொம்மை, நல்ல சேதி. வடக்கு கம்பெனிக்கும் உம்மையே போடச் சொல்லிட்டேன். முதலாளி அலாரம் மாட்டணும்னு வெலை கேட்டிருந்தாரு. எதுக்கு சார் வெட்டிச் செலவு, நம்ம தொம்மை மூக்கு இருக்கும்போதுன்னேன். தெனம் ஒரு நடை போயி மோந்து பாத்துட்டு வந்திரும்."

வடக்கு கம்பெனி எங்கள் முதலாளியின் இன்னொரு ஐஸ் கம்பெனி, அதற்குள் நான்கு குடும்பங்கள் இருக்கின்றன. போன மாதம் அங்கே ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம், நாங்களும் போயிருந்தோம்.

அப்பா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"சார், எனக்கு மூக்கு கேக்காது."

"சளியா?"

"இல்ல சார். செத்துப் போச்சு. அஞ்சாறு வருசமா. அன்னைக்குக் கசிவைக் கண்டுபிடிச்சது என் மவ செஞ்ச பொட்டி. அங்க பச்சப்பிள்ளைய இருக்கு சார். என்னைய நம்பி அலாரத்தை விட்றாதீய."

மேனேஜர் திரும்பி என்னையும் பெட்டியையும் பார்த்தார். "இதைச் சொல்லாமலே சம்பளம் வாங்கியிருக்கீரு," என்றார்.

"ஆமா சார்."

வாசலில் அம்மா டம்ளரோடு நின்றிருந்தாள். டீயிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.

டிசம்பர் 5, வியாழன்

முடிவு சொல்லிவிட்டார்கள். ஜனவரியில் புது ஆப்பரேட்டர் வருகிறார். அப்பாவுக்கு ஐஸ் உடைக்கிற மிஷினில் வேலை, பாதிச் சம்பளம். என் முழு ஆண்டுப் பரீட்சை முடிகிறவரை வீட்டில் இருக்கலாம், பிறகு காலி செய்ய வேண்டும். இரண்டு கம்பெனிக்கும் அலாரம் வருகிறதாம், எப்போது என்று சொல்லவில்லை. அதற்கிடையில் ஒரு கட்டு கந்தகக் குச்சி வந்து சேர்ந்திருக்கிறது.

அம்மா இரண்டு நாளாக அப்பாவிடம் பேசவில்லை. இன்று காலை வழக்கம்போல டீ போட்டாள். கொண்டுபோகவில்லை. அடுப்படியிலேயே உட்கார்ந்து, சூடாக, தானே குடித்தாள். அவள் அப்படிக் குடித்து நான் பார்த்ததில்லை.

லோடுமேன்கள் அப்பாவை இப்போது 'மூக்கன்' என்கிறார்கள். "மூக்கண்ணே, இந்த மீன் நல்லாருக்கா மோந்து சொல்லும்" என்று நீட்டுகிறார்கள். அப்பா வாங்கி மோந்து பார்த்து, "உன் வேர்வைக்கு இது தேவலாம்டே" என்கிறார். வீட்டுக்கு வந்ததும் பேசாமல் படுத்துக்கொள்கிறார்.

டிசம்பர் 8, ஞாயிறு

மழை விட்டது. மாதா திருநாள் பூசை முடிந்து அப்படியே தூண்டில் வளைவுக்குப் போனோம். கடலுக்குள் நீளும் கல்வரிசையின் கடைசிப் பாறைவரை மூன்று பேரும் நடந்தோம். பெட்டியையும் நான் எடுத்துவந்திருந்தேன். பூஜ்யத்தை இங்கேதான் குறிக்க வேண்டும். இதைவிட நல்ல காற்று எங்கள் ஊரில் இல்லை.

ஊசி இடது ஓரத்தில் கிடந்தது. வெகுநேரம் காத்திருந்துவிட்டுத் திருகைத் திருகினேன். நடுவுக்கு வந்தது. வெயில் இருந்ததால் குட்டி சோலார் பலகையை இணைத்தேன். பேட்டரி இல்லாமல், வெயிலில் மட்டும், முதல்முறையாக ஓடியது.

"இங்க என்ன வாடை பாப்பா அடிக்கு?" என்று அப்பா கேட்டார்.

நான் யோசித்துச் சொன்னேன். "பாசி. கருவாடு. படகு டீசல். அம்மா தலையில பிச்சிப்பூ."

"பூ நேத்தையது," என்றாள் அம்மா.

அப்பா மூச்சை நன்றாக இழுத்தார். ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனாலும் மறுபடி ஒருமுறை இழுத்தார்.

திரும்பி வந்தோம். மேனேஜர் கேட்டைத் திறந்தார், எங்களுக்குப் பின்னால் பூட்டினார். அடுப்படி மேசையில் பெட்டியை வைத்தேன். வால்வை முடுக்கியாயிற்று, ஜன்னல்கள் இரண்டும் திறந்திருக்கின்றன. ஆனாலும் ஊசி மெதுவாகக் கிளம்பி, வலப்பக்கம் மூன்று கோடு தள்ளிப் போய் நின்றது. எங்கேயோ இன்னும் கொஞ்சம் இருக்கிறது. எப்போதுமே இருந்திருக்கும்.

நான் செய்வதைப் பார்த்த பழக்கத்தில் அப்பா திருகைத் திருப்பக் கை நீட்டினார்.

"விடுங்க," என்றாள் அம்மா. "அது அங்கயே நிக்கட்டும்."

நின்றுகொண்டிருக்கிறது. இதை எழுதும்போதும் அதைப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.